சோதனை முகம்

கேமரா கடையில், பக்கவாட்டில் அடிக்கும் வெள்ளை விளக்கின் முன்னால் பில் போடும் பெண் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கன்னம் முழுக்க அம்மைத் தழும்பு. எந்த லென்ஸ் துல்லியம் என்று யார் கேட்டாலும் முதலாளி அவளைத்தான் கூப்பிட்டு உட்கார வைக்கிறார். "சுவரைப் படம் பிடிச்சா என்ன சார் தெரியும்? இங்க பிடிங்க." வாங்க வந்தவன் கேனானில் ஒன்று எடுக்கிறான், நிக்கானில் ஒன்று. "சிரிக்காத, குழி மறையுது" என்கிறார் முதலாளி. அவள் சிரிக்கவில்லை, வெளிச்சத்தில் கண் கூசுகிறது, அவ்வளவுதான். இரண்டு திரைகளிலும் அவள் கன்னம் பெரிதாகிக்கொண்டே போகிறது. வந்தவனின் புது மனைவி அவன் தோள் வழியாக எட்டிப் பார்த்து முகம் சுளிக்கிறாள். "ஐயோ, இந்த லென்ஸ் வேண்டாங்க. என் மூஞ்சியையும் இப்படியே காட்டிட்டா?" "உங்களுக்கு ஏம்மா அந்தக் கவலை?" முதலாளி சிரிக்கிறார், கணவனும் சேர்ந்து சிரிக்கிறான். கடைசியில் வேறொரு லென்ஸோடு நிக்கான் முடிவாகிறது. "கார்டுல இருக்கிற இந்தப் படமெல்லாம் அழிச்சுட்டுக் குடுங்க" என்கிறாள் மனைவி. முதலாளி கேமராவை அவள் மடியில் வைக்கிறார். "நீயே அழிச்சிடு." அவள் பொத்தானை அழுத்துகிறாள். அழிக்கலாமா என்று திரை கேட்கிறது. அந்தக் கடையில் அவளை ஒரு வார்த்தை கேட்பது அது ஒன்றுதான்.