நாலுக்கு நாலு

ராஜபாளையத்துச் சபையில் ஆர்மோனியம் வாசித்த வேதமணிக்குப் பத்து வருஷமாக இளைப்பு. பாட வாயெடுத்தால் நெஞ்சு விசிலடிக்கும்.

"இழுக்க நாலு எண்ணும், விட நாலு எண்ணும். விடாமப் பழகும், சரியாயிரும்" என்றார் ஸ்ரீவில்லிபுத்தூர் வைத்தியர்.

அன்றாடம் விடியலில் ஆர்மோனியத்தை எடுத்துவைத்து, துருத்தி விரியும்போது நாலு எண்ணி மூச்சை இழுத்தார். மடங்கும்போது நாலு எண்ணி விட்டார்.

1938 ஈஸ்டர் ஆராதனையில் கீர்த்தனையின் எட்டுச் சரணத்தையும் கணீரென்று பாடி முடித்தார். சபையே எழுந்து நின்றது.

"பத்து வருசத்து இளைப்பு எங்கிட்டுப் போச்சு?" என்று மனைவி தேவகிருபை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வேதமணி ஆர்மோனியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பூட்டிய பெட்டிக்குள் விசிலடித்தது. நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்தது, மூன்றிலேயே விட்டுவிட்டது.

அவர் பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். "விடாமப் பழகு. சரியாயிரும்."