உடைஞ்சது யாரு?

பல்செட் செய்யும் லேப் அது. பித்தளைப் பெட்டிக்குள், ஈறுக்கான ரோஸ் நிற மாவோடு செயற்கைப் பற்கள் அடைபட்டுக் கிடந்தன. டெக்னீஷியன் சவரிமுத்து பெட்டியைப் பிரஸ்ஸில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினார்.

'டக்' என்று ஒரு சத்தம்.

"போச்சு! உடைஞ்சது யாரு?" என்று அலறியது முன்பல்.

"நான் இல்லைப்பா. ஒல்லியா இருக்கிறது நீதான்" என்றது கடைவாய்ப்பல்.

"எல்லாம் இந்தப் பிரஸ்ஸாலதான்!" என்றது முன்பல்.

"நான் மெதுவாத்தானே அழுத்தினேன்" என்று பிரஸ் நடுங்கியது.

சவரிமுத்து அவசரமாகப் பெட்டியைத் திறந்தார். எல்லாப் பற்களும் முழுசாக இருந்தன. அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, உடைந்த தன் சொந்தப் பல்லை உள்ளங்கையில் துப்பினார்.

பற்கள் எட்டிப் பார்த்தன.

"அப்பாடா! நம்மாளு இல்லை."