ஏழு நாள் சாட்சி

பீரங்கிப் படையில் பத்தொன்பது வருடம் இருந்த எத்திராஜுக்குக் காதுக்குள் ஓயாத விசில் சத்தம். ஊனப் பென்ஷன் கேட்டு மனுக் கொடுத்தார்.

கிளார்க் பழைய கோப்பைப் பார்த்தார். "வருஷா வருஷம் மெடிக்கல்ல 'நோ ப்ராப்ளம் சார்'னுதான் சொல்லியிருக்கீங்க."

"வேற மாதிரி சொன்னா புரமோஷன் போயிடும் சார். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்."

"அப்போ வீட்லேர்ந்து ஒரு சாட்சி வேணும்."

வீட்டில் இருப்பது மனைவி நவநீதம் மட்டும்தான். எத்திராஜின் காதில் கேட்கும் விசிலை அப்படியே அவளுக்கும் கேட்கச் செய்யும் பொட்டளவுக் கருவி ஒன்றை அவள் காதுக்குப் பின்னால் ஒட்டினார்கள். ஏழு நாள் கழற்றக் கூடாது. கழற்றினால் மனு தள்ளுபடி.

முதல் நாளே டிவி சத்தத்தைக் கூட்டினாள். இருபது வருடமாக அதற்காகத்தான் அவரோடு சண்டை போட்டிருந்தாள். மூன்றாம் நாள் வெறும் மிக்சியை ஓடவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் மகள் போனில் சொன்னதற்கெல்லாம் "சரி, சரி" என்றாள். "நீயும் அப்பா மாதிரி ஆயிட்டம்மா" என்று மகள் போனை வைத்துவிட்டாள்.

எட்டாம் நாள் காலையில் கிளார்க் கருவியைக் கழற்றினார். நவநீதம் சற்று நேரம் மின்விசிறி சுற்றுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கிளார்க் கையெழுத்துக்காகப் படிவத்தை நீட்டினார். அவள் அதை வாங்காமல், பக்கத்தில் நின்ற எத்திராஜைக் காட்டினாள்.

"மொதல்ல இவருக்கும் கழட்டி விடுங்க சார்" என்றாள்.