தலை நனையாதவர்கள்

ஹமசாக்கி அக்காவை நான் கடைசியாக உயிரோடு பார்த்த அன்று, "குளிச்ச உடனே துணியை மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க" என்று சொன்னேன்.

எங்களுடையது தெருக்கோடி வெந்நீர்க் குளியல்கூடம்; ஜப்பானிய வழக்கப்படி ஊரார் சீட்டு வாங்கி, ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகச் சேர்ந்து குளிக்கும் இடம். பெண்கள் பக்கத்தை என் மனைவி கினுயோ பார்த்துக்கொள்வாள். நான் வாசலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு கொடுப்பேன். திரைக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் எனக்குக் காதால்தான் தெரியும்.

அன்று புகாரோடு வந்தவர் மருந்துக்கடை ஒகுபோ அம்மா.

"அந்த மீன்வடைக்காரிகிட்ட நீங்க சொல்லக் கூடாதா? குளிச்சு முடிச்சு அரை மணி ஆகுது. மின்விசிறிக்கு நேரா நாற்காலியைப் போட்டுக்கிட்டு, இடுப்புக்கு மேல பொட்டுத் துணி இல்லாம, டிவியில வாள்சண்டை பார்க்கிறா!"

"உடம்பு ஆறட்டும்னு உட்கார்ந்திருப்பாங்க."

"வாராவாரம் வியாழக்கிழமை மட்டும் ஆறணுமா? அதுவும் அந்த ஆபரேஷன் பண்ணின மார்போட! குளிச்சிட்டு வந்து குடிக்கிற பால் மத்தவங்களுக்கு உள்ளே இறங்க வேண்டாமா?"

மீன்வடைக் கடை வைத்திருந்த ஹமசாக்கி அக்காவுக்குப் புற்றுநோய் வந்து ஒரு மார்பை எடுத்து, வயிற்றுச் சதையை வைத்து அந்த இடத்தில் புதிதாக ஒன்று செய்திருந்தார்கள். ஐந்து வருடம் முன்பு நடந்தது. தெருவுக்கே தெரியும்.

எனக்கு வேறு கோபமும் இருந்தது. அந்த வாரம்தான் கினுயோவுக்கும் இடது மார்பை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எடுத்த பிறகு என்ன செய்வது என்பதை அவளே இரண்டு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். வயிற்றுச் சதை வைக்கலாம். முதுகுச் சதை வைக்கலாம். தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து சிலிக்கான் பை வைக்கலாம். எதுவும் வேண்டாமென்றால் தட்டையாகத் தைத்துவிடலாம்.

டாக்டர் கொடுத்த கையேடு சீட்டுப்பெட்டிக்கு அடியில் கிடந்தது. அவள் எடுப்பாள், புரட்டுவாள், திரும்ப வைத்துவிடுவாள்.

"எனக்கு எதுவானாலும் சரிதான்" என்றேன் ஒருநாள்.

"உங்களுக்குச் சரிதான். தைக்கப்போறது என்னை. இதுல கோடு போட்ட பொம்மைதான் இருக்கு. இதைப் பார்த்து என்னன்னு சொல்றது?"

அப்படித் தவிக்கிறவள் கண்ணெதிரே இந்த அம்மா திறந்துபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் ஹமசாக்கி அக்கா திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன முதலாளி, தண்ணியைவிட உங்க முகம் சூடா இருக்கே?"

நான் சிரிக்கவில்லை. துணி மாட்டுவதைப் பற்றிச் சொன்னேன். "மத்தவங்க சங்கடப்படறாங்க அக்கா. கினுயோவுக்கும் இதே ஆபரேஷன் வருது. அவ முன்னாடி இப்படியா உட்கார்றது?"

கையில் செருப்போடு அப்படியே நின்றார். காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"தப்புதான். நாடகம் சுவாரசியமா இருந்துச்சு, உட்கார்ந்துட்டேன்." பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். "கினுயோவுக்கு. எண்ணெய் கசியுது, சீட்டு மேல வச்சிடாதீங்க."

குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

அவர் பின்னாலேயே இரண்டு பெண்கள் வெளியே வந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் இல்லை. வியாழக்கிழமைகளில் இப்படிப் புது முகங்கள் வரும். முழுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய், இருபது நிமிடத்தில் தலைகூட நனையாமல் திரும்பிவிடுவார்கள். குளிக்கத் தெரியாத ஜனம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆறாம் நாள், ஹமசாக்கி அக்கா மீன்வடை பொரித்துக்கொண்டிருந்த இடத்திலேயே சரிந்து விழுந்தார். மாரடைப்பு. வயது அறுபத்து மூன்று.

துக்கத்துக்குப் போனோம். மகள் சினாமி தேநீர் கொண்டுவந்தாள். எனக்கு உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று, "அம்மா எதுக்கும் கூச்சப்படாத மனுஷி" என்றேன்.

சினாமி நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மாவா? ஆபரேஷனுக்கு அப்புறம் என் முன்னாடிகூடச் சட்டை மாத்தினதில்லை மாமா. குடும்பத்தோட வெளியூர் போனா, எல்லாரும் தூங்கின பிறகு தனியா குளிப்பாங்க. உங்க கூடத்துக்கு மட்டும்தான் போவாங்க. அதுக்கும் வியாழக்கிழமை காலையிலயே படபடப்பு வந்துடும். வயித்துக்கு மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் கிளம்புவாங்க. ஏன் போறீங்கன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க."

திரும்பும் வழியில் பாலத்தில் ஏறினோம். கினுயோ கேட்டாள்.

"வியாழக்கிழமை வர்ற பொண்ணுங்க தலை ஏன் நனையறதில்லைன்னு யோசிச்சீங்களா?"

"ஏன்?"

"அவங்க குளிக்க வரலை. பார்க்க வந்தாங்க. ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சவங்களை ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி அனுப்புவா. நாற்காலியில ஒருத்தர் இருப்பாங்க, எதுவும் கேட்க வேண்டாம், பார்த்துட்டு வாங்கன்னு. முகத்தைப் பார்த்தா வந்தவங்க வெட்கப்படுவாங்கன்னுதான் அக்கா டிவியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. போன வாரம் அரை மணி உட்கார்ந்தது எனக்காக. நான் பார்த்து முடிக்கலைன்னு."

நான் அக்காவிடம் சொன்னதைக் கினுயோவிடம் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

அந்த வாரமே கினுயோ டாக்டரிடம் பதில் சொன்னாள். "எதுவும் வைக்க வேண்டாம். நல்லாத்தான் செஞ்சிருந்தாங்க. ஆனா பார்த்த பிறகுதான் எனக்கு வேண்டாம்னு தெரிஞ்சுது."

தழும்பு ஆறி, வசந்தம் வந்ததும் ஒரு வியாழக்கிழமை, வாள்சண்டை நாடகத்தின் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது. "கினுயோ, நீயுமா!" என்று ஒகுபோ அம்மா கத்தியதும் கேட்டது.

பதினொரு வருடம் உட்கார்ந்தாள். அவள் போய் நான்கு வருடம் ஆகிறது.

இப்போது அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. வியாழக்கிழமைகளில் சில பெண்கள் இன்னும் தலை நனையாமல் வெளியே வருகிறார்கள்.