கை ஊன்றாமல் பதின்மூன்று பேர்

"கதவைச் சாத்துங்க! யாராவது எட்டிப் பார்த்தீங்க, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுடுவேன்!"

தலைமை நர்ஸின் குரல் முதியோர் இல்லத்தின் இரண்டு பக்கமும் கேட்டது. தினமும் காலை பத்து மணிக்குக் கேட்கிற குரல்தான். அது இடப்பக்கத்துப் பதினான்கு பேரும் கூடத்தில் உடற்பயிற்சி செய்கிற நேரம். வலப்பக்கத்து ஆட்கள் அதைப் பார்க்கக்கூடக் கூடாது. அங்கே நடமாடுகிறவர்கள் பதின்மூன்று பேர். பதினான்காவது ஆள் போன மாதம் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார்.

பதின்மூன்று பேரையும் அறைக்குள் தள்ளி, தானும் உள்ளே போய், நர்ஸ் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"என்ன மனுஷிய்யா இவங்க! ஜெயில்ல கூட ஜன்னல் இருக்கும்" என்றார் இடப்பக்கத்துத் தையல்காரர்.

"அது ஆராய்ச்சி விதி, பெரியவரே" என்றார் உடற்பயிற்சி மாஸ்டர். "ஆறு மாசம் நீங்க பயிற்சி செய்வீங்க, அவங்க செய்ய மாட்டாங்க. எந்தப் பக்கம் எத்தனை தடவை விழுறாங்கன்னு எண்ணுவாங்க. நீங்க கம்மியா விழுந்தா இந்தப் பயிற்சி ரெண்டு பக்கத்துக்கும் நிரந்தரம். எனக்கும் வேலை நிரந்தரம்."

"அப்போ நான் விழுந்தா உன் வேலை போயிடுமா? அடப்பாவி, இதை முதல்லயே சொல்லக்கூடாதா!"

தையல்காரர் அன்று முதல் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

ஆறு மாதம் முடிந்தது. ஆராய்ச்சி செய்கிற பெண் வந்து, விழுந்தவர்களைக் குறித்து வைத்த இரண்டு நோட்டுகளையும் வாங்கினார். கடைசிப் பக்கத்தில் கூட்டுத்தொகையைப் பார்த்தார். இடப்பக்கம் ஐந்து. வலப்பக்கமும் ஐந்து.

நிர்வாகிக்கு முகமெல்லாம் பல். எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துவிட்டார்.

"நான் என்னைக்குமே ஆதாரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன். செஞ்சவங்களும் அஞ்சு, செய்யாதவங்களும் அஞ்சு. ஆக, பயிற்சியால ஒரு பிரயோஜனமும் இல்லே. மாஸ்டர், நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம். இந்த இடத்துல பெரிய டிவி ஒண்ணு வெச்சுடலாம்."

"டிவி வெச்சா விழுறது குறையும்னு ஆதாரம் இருக்கா சார்?" என்று தையல்காரர் கேட்டார்.

"உக்காந்தே இருக்கிறவன் எப்படிய்யா விழுவான்?"

மாஸ்டர் பயிற்சிக்கு வைத்திருந்த ரப்பர் பந்துகளை எடுத்துப் பைக்குள் போட ஆரம்பித்தார்.

தலைமை நர்ஸின் முகம் வெளுத்துவிட்டது. ஆராய்ச்சிப் பெண்ணிடம் போய் மெதுவாகக் கேட்டார்: "ரெண்டு பக்கமும் சமமா வந்தா நல்லதுதானேம்மா? ரெண்டு பக்கமும் பாஸ் இல்லையா?"

"இல்லே சிஸ்டர். சமமா வந்தா பயிற்சி வீண்னு அர்த்தம். கொஞ்சம் இருங்க, கடைசியா ஒரு அளவு பாக்கி இருக்கு."

நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் அரை நிமிடத்தில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்க்க வேண்டும். இடப்பக்கம் முதலில் செய்தது. சராசரி ஒன்பது.

வலப்பக்கத்து ஆட்களிடம் ஆராய்ச்சிப் பெண் பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். அதற்குள் பதின்மூன்று பேரும் கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு தயாராக இருந்தார்கள்.

"ஒண்ணு! மூக்கு முன்னே, முதுகு நேரே! ரெண்டு! முனகினா முதல்லேருந்து! மூணு!"

ஒரே குரலில் சொல்லிக்கொண்டே எழுந்தார்கள். உட்கார்ந்தார்கள். சராசரி பன்னிரண்டு.

ஆராய்ச்சிப் பெண் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?"

பதின்மூன்று பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் மட்டும், "நாங்க எதையும் எட்டிப் பார்க்கலேம்மா. சத்தியமா கதவு சாத்தித்தான் இருந்துச்சு" என்றார்.

ஆராய்ச்சிப் பெண் வலப்பக்கத்து நோட்டை இந்தத் தடவை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். ஐந்து பேரும் விழுந்தது முதல் மாதத்தில். அதற்குப் பிறகு ஐந்து மாதமும் தேதி மட்டும்தான் இருந்தது. ஒரு கோடு கூட இல்லை.

"சும்மா இருந்த ஒரு மாசத்துல விழுந்தது அஞ்சு. அப்படியே விட்டிருந்தா ஆறு மாசத்துக்கு முப்பது" என்றார். "ரெண்டு பக்கமும் பயிற்சி செஞ்சிருக்கு சார், சமமா வராம வேற எப்படி வரும்? மாஸ்டரை அனுப்பாதீங்க. இன்னொரு இல்லத்துல நான் முதல்லேருந்து எண்ணிக்கிட்டு வரேன். இங்கே நடந்ததை வெச்சு என்னால ஒரு வரி எழுத முடியாது."

மாஸ்டர் பைக்குள் போட்ட பந்துகளை வெளியே எடுத்தார்.

நிர்வாகி தலைமை நர்ஸ் பக்கம் திரும்பினார். டிவி கைவிட்டுப் போன கோபம் அவருக்கு.

"ஆறு மாச ஆராய்ச்சியைக் குட்டிச்சுவர் ஆக்கிட்டீங்களே! உங்களுக்குக் கொடுத்த வேலை என்ன? விழுறவங்களை எண்ணி எழுதுறது. அது ஒண்ணுதானே?"

"எழுதினேன் சார்" என்றார் நர்ஸ். "அஞ்சு பேர் வரைக்கும் எழுதினேன். அஞ்சாவது ஆளுக்கு இடுப்பு போச்சு. ஆறாவது யாருன்னு நோட்டைத் திறந்து வெச்சுக்கிட்டுக் காத்திருக்க எனக்கு மனசு வரலே."