அதே ஏழு பிழைகள்

கற்பிட்டியில் பெரியவர்களுக்கான சிங்கள வகுப்பு. முன்னாள் பாடசாலை அதிபர் ரஸாக்கின் கொப்பியிலும், பக்கத்துக் கதிரையில் இருந்த ரம்ஸியாவின் கொப்பியிலும் அதே ஏழு பிழைகள்.

"ஆர் ஆரைப் பார்த்து எழுதின?" டயனா டீச்சர் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

ரஸாக் குனிந்து பேனையை மூடினார்.

ரம்ஸியா கையை உயர்த்தினாள். "நான்தான் டீச்சர், ரஸாக் சேர்ட கொப்பியைப் பார்த்து எழுதினன்."

வகுப்பே சிரித்தது. ரஸாக்கும் சேர்ந்து சிரித்துவைத்தார். காது மட்டும் சுட்டது.

தேத்தண்ணி நேரத்தில் அவளருகே போனார். "கொப்பியடிச்சது நான். நீ ஏன் புள்ள பொய் சொன்ன?"

"நான் இல்லையெண்டு சொன்னா ஆர் சேர் நம்புற?" என்றாள் ரம்ஸியா. "பத்தாம் வகுப்புப் பரீட்சையிலயும் நான் கொப்பியடிக்கல்ல எண்டு அழுதழுது சொன்னன். நீங்க கேக்காமத்தானே என்னை ஸ்கூலால நிப்பாட்டினீங்க."