டாக்டரம்மா உத்தரவு

"மகாராணி இன்னும் எந்திரிக்கலையா?"

தெருக்குழாயில் மல்லம்மா கேட்டதுதான் தாமதம், பஞ்சவர்ணம் ஆரம்பித்துவிட்டாள்.

"எந்திரிச்சு என்ன பண்ணப் போறா? டாக்டரம்மா உத்தரவு! ஒரு வருஷத்துக்கு மருமக குடம் தூக்கக் கூடாது, அரிசி மூட்டைய நகர்த்தக் கூடாது. எம்பையன் சுமக்கறான். என் தலையெழுத்து, நானும் சுமக்கறேன்!"

மகன் செந்தில்நாதன் இரண்டு கையிலும் குடத்தோடு அசடு வழிய நடந்தான். குழாயடியே சிரித்தது.

வீட்டுக்குள் மோகனப்ரியாவுக்குக் காது எரிந்தது. குழந்தைக்கு ஏழு மாதம். ஏழு மாதமாக இதே புலம்பல்தான்.

சத்தியமங்கலத்திலிருந்து மைசூரில் தமிழர்கள் வாழும் இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். கன்னடம் வராது. பிரசவ வார்டில் டாக்டர் கன்னடத்தில் சொன்னதை மாமியார்தான் தமிழில் சொன்னாள். சொன்னவளே இப்போது ஊரைக் கூட்டித் திட்டுகிறாள்!

போதும். ஆவது ஆகட்டும் என்று குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

அந்த நேரம் பார்த்து சுகாதார நிலையத்து நர்ஸ் லிங்கம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். இந்தத் தெருவுக்குப் புதியவள். தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரி, நன்றாகவே தமிழ் பேசுவாள். உள்ளே வந்து குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு ஆஸ்பத்திரிச் சீட்டையும் வாங்கிப் பார்த்தாள்.

"அக்கா, ஒரு வருஷம் ஆகறதுக்குள்ள நா தண்ணி தூக்குனா என்ன ஆகும்?"

"ஒரு வருஷமா? தையல் போட்டதுக்கு ரெண்டு மாசம்னுதானே எழுதியிருக்காங்க? அது முடிஞ்சே அஞ்சு மாசம் ஆச்சு. இனிக் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கலாம்."

குடத்தை இடுப்பில் வைத்தபடி பஞ்சவர்ணம் உள்ளே நுழைந்தாள்.

"ஏன் அத்தை, ரெண்டு மாசத்த ஒரு வருஷமாக்கித் தெருவெல்லாம் எம்மானத்த வாங்கறீங்களா?"

பஞ்சவர்ணம் குடத்தை இறக்கிவிட்டு, அவசரமாகக் கதவைச் சாத்தினாள்.

"மெல்லப் பேசு கண்ணு. எம்பையன் காதுல விழுந்துரப் போகுது."

"விழட்டுமே!"

"மூத்தவனப் பெத்த பதினோராம் நாளே நா கட்டட வேலைக்குப் போயிட்டேன். சிமெண்ட் சட்டி சுமந்தேன். நாலாவது புள்ளைக்கப்புறம் கர்ப்பப்பை கீழ எறங்கிப் போச்சு. தும்முனாக்கூடச் சேலை நனையுது. இத யாருகிட்டச் சொல்ல? எனக்கு வந்தது உனக்கு வர வேண்டாம்னு பாத்தேன். நா சொன்னா உம்மாமனாரு, 'ஏன், நீ சுமக்கலையா?'ம்பாரு. டாக்டர் சொன்னா வாயத் தொறக்க மாட்டாரு."

மோகனப்ரியா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்புறம் எதுக்கு என்னத் திட்டறீங்க?"

"திட்டாமக் கொஞ்சுனா, இது நா கட்டுன கதைன்னு கண்டுபுடிச்சிருவாங்களே!"

லிங்கம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு பஞ்சவர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்கு வைத்தியம் இருக்கும்மா. வெக்கப்படாம புதன்கிழமை வாங்க, நானே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். இனிக் குடத்தத் தொடக் கூடாதது நீங்கதான்."

மோகனப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். குழாயடி முழுக்கக் கேட்கும்படி புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க! டாக்டரம்மா புது உத்தரவு போட்டிருக்காங்க. அத்தை இனி ஆயுசுக்கும் குடம் தூக்கக் கூடாதாம்... மாமாவத்தான் தூக்கச் சொல்லியிருக்காங்க!"